"எல்லாம் கிளவுடில் இருக்கிறது" என்றால் என்ன அர்த்தம்?

மாசி மாதம் ஒரு நாள் மதுரையிலிருந்து சித்தி போன் செய்தார். குரலே சரியில்லை. "தம்பி, பாப்பாவோட முதல் வருஷ போட்டோ ஒண்ணுகூட இல்லப்பா. போன்ல இடம் இல்லன்னு வந்துச்சு. அதான் எல்லாம் கிளவுட்ல இருக்கேன்னு போன்ல இருந்ததை அழிச்சேன். இப்போ அங்கேயும் இல்ல."

எப்போது அழித்தீர்கள் என்று கேட்டேன். பொங்கலுக்கு முன்னால் என்றார். அந்தச் சேவையின் குப்பைத் தொட்டி 30 நாள்தான் எதையும் வைத்திருக்கும். அந்த 30 நாள் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது.

சித்தி கவனமில்லாதவர் அல்ல. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. வீட்டுப் பத்திரத்துக்கு மூன்று நகல் எடுத்து மூன்று இடத்தில் வைத்திருப்பவர். அவர் செய்த ஒரே பிழை, "கிளவுட்" என்ற சொல்லை பேங்க் லாக்கர் என்று புரிந்துகொண்டது. லாக்கரில் நகையை வைத்துவிட்டால், வீட்டுப் பீரோவைக் காலி செய்வதால் லாக்கருக்கு ஒன்றும் ஆகாது. கிளவுட் போட்டோ சேவைகளில் பல அப்படி வேலை செய்வதில்லை. அவரைப் போலவே நினைத்துக்கொண்டிருக்கும் பலருக்காக இதை எழுதுகிறேன்.

அடிப்படையிலிருந்து வருவோம். கிளவுட் என்பது ஏதோ ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான கணினிகள். பெரிய கட்டடங்களில், ஆயிரக்கணக்கில் அடுக்கி வைக்கப்பட்டவை. நீங்கள் எடுத்த போட்டோ இணையம் வழியாக அங்கே போய் ஒரே ஒரு வட்டில் (டிஸ்க்) உட்கார்ந்துகொள்வதில்லை. ஒரு வட்டு கெட்டுப்போனாலும் மற்றவற்றிலிருந்து முழுப் படத்தையும் மீட்கும்படி பல இடங்களில் பரப்பி வைப்பார்கள். அமேசான் தன் எஸ்3 சேமிப்புச் சேவையை விளக்கும்போது ஒரு கணக்குச் சொல்கிறது: ஒரு கோடி கோப்புகளை வைத்தால், சராசரியாகப் பத்தாயிரம் ஆண்டுக்கு ஒரு கோப்பு தொலையலாம். நம் வீட்டு ஹார்ட் டிஸ்க்கால் இதன் பக்கத்தில்கூட வர முடியாது.

ஆக, "இயந்திரம் பழுதாகி என் படம் போய்விடாது" என்ற எதிர்பார்ப்பு பெரும்பாலும் நியாயமானது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் கல்யாண ஆல்பங்கள் ஊறி ஒட்டிக்கொண்டன. பக்கத்தைப் பிரித்தால் முகம் உரிந்து வந்தது. அதைப் பார்த்தவர்கள் கிளவுட் மேல் நம்பிக்கை வைத்ததில் தவறே இல்லை. வெள்ளம் உங்கள் தெருவுக்கு வரலாம், வேறொரு மாநிலத்திலோ நாட்டிலோ இருக்கும் அந்தக் கட்டடத்துக்கும் அதே நாளில் வராது. அபூர்வமாக அங்கேயும் தவறு நடந்திருக்கிறது. 2020-ல் கேனான் நிறுவனத்தின் கிளவுட் சேவையில், பயனர்கள் நீண்டகாலச் சேமிப்பில் வைத்திருந்த அசல் படங்களும் வீடியோக்களும் சில அழிந்துவிட்டதாக அந்த நிறுவனமே அறிவித்தது. ஆனாலும் வட்டு கெட்டு இழப்பதைவிட, நாம் தவறாகப் புரிந்துகொண்டு இழப்பதுதான் நம்மைச் சுற்றி அதிகம் நடக்கிறது என்பது என் எண்ணம்.

கண்ணாடியா, நகலா?

சித்தியின் கதைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. நாம் "பேக்கப்" என்று ஒரே பெயரில் அழைப்பது உண்மையில் இரண்டு வேறு வேலைகள்.

ஒன்று, நகல் எடுத்துத் தனியாக வைப்பது. அசலுக்கு என்ன ஆனாலும் நகல் அப்படியே இருக்கும். பத்திரத்தின் ஜெராக்ஸ் மாதிரி. இன்னொன்று, ஒத்திசைவு. பேச்சில் சிங்க் என்கிறோம். போன், டேப்லெட், கணினி, கிளவுட் எல்லாவற்றிலும் ஒரே ஆல்பம் ஒரே நிலையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது அதன் வேலை. இது கண்ணாடி மாதிரி. நீங்கள் இங்கே பொட்டு வைத்தால் அங்கேயும் பொட்டு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அழிப்பதும் ஒரு மாற்றம்தானே, அதையும் அது விசுவாசமாக எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

ஆப்பிளின் ஐகிளவுட் போட்டோஸ் வெளிப்படையாகவே இந்த இரண்டாவது வகை. ஐபோனில் ஒரு படத்தை அழித்தால் ஐபேடிலும் மேக்கிலும் கிளவுடிலும் அது போய்விடும். "சமீபத்தில் நீக்கியவை" என்ற பகுதியில் 30 நாள் இருக்கும், அதற்குள் எடுத்தால் உண்டு. அழிக்கும்போது எல்லாச் சாதனங்களிலும் போகும் என்று திரையில் ஒரு வரி எச்சரிக்கையும் வரும். அவசரத்தில் யார் படிக்கிறோம்?

கூகுள் போட்டோஸில் கொஞ்சம் குழப்பம் அதிகம். ஆண்ட்ராய்டு போனில் கூகுள் போட்டோஸ் செயலிக்குள் போய் ஒரு படத்தைக் குப்பைக்கு அனுப்பினால் அது போனிலும் கிளவுடிலும் சேர்ந்து போகும். பேக்கப் ஆன படம் குப்பையில் 60 நாள் இருக்கும். ஆனால் அதே செயலியில் "இடத்தைக் காலியாக்கு" என்று ஒரு வசதி உண்டு. அது ஏற்கெனவே கிளவுடுக்குப் போய்விட்ட படங்களை மட்டும் போனிலிருந்து எடுக்கும், கிளவுடைத் தொடாது. தனிப் படம் ஒன்றுக்கு "சாதனத்திலிருந்து மட்டும் நீக்கு" என்ற தேர்வும் இருக்கிறது. சித்தி வைத்திருந்தது வேறு சேவை, ஆனால் அவர் தேடியதும் இப்படி ஒரு பொத்தானைத்தான். கைக்கு முதலில் பட்டது குப்பைத் தொட்டிப் படம்.

எதிலுமே ஒரு சோதனை செய்து பாருங்கள். வேண்டாத ஒரு படம் எடுங்கள், சுவரையோ செருப்பையோ. அது கிளவுடுக்குப் போனதும் போனில் அழியுங்கள். பிறகு கணினியிலோ இன்னொரு போனிலோ அதே கணக்கைத் திறந்து பாருங்கள். படம் இல்லையென்றால் உங்களிடம் இருப்பது கண்ணாடி. ஐந்து நிமிட வேலை, எந்த விளக்கக் கட்டுரையையும்விட இது நன்றாகப் புரியவைக்கும்.

இதோடு இன்னொன்றும் சேரும். போனில் இடம் மிச்சப்படுத்தும் அமைப்பு இயங்கினால், போனில் இருப்பது படத்தின் சிறு வடிவம் மட்டுமே. முழுப் படம் கிளவுடில் இருக்கும், தொட்டால் இறங்கி வரும். நெட் இல்லாத ஊரில் பாட்டியிடம் போட்டோ காட்டப் போய், மங்கலாக ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். "போனிலும் இருக்கிறது, கிளவுடிலும் இருக்கிறது, ஆக இரண்டு நகல்" என்ற கணக்கு இங்கே பொய்யாகிவிடுகிறது. இருப்பது ஒன்றுதான்.

எல்லாப் படமும் ஏறுகிறதா?

இல்லை. நம் வீடுகளில் முக்கியமான படங்கள் பல கேமராவிலிருந்து வருவதில்லை, வாட்ஸப்பில் வருகின்றன. காது குத்துக்கு மாமா எடுத்தது, தாத்தாவின் கடைசிப் பிறந்தநாளுக்குப் பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தது, எல்லாம் குடும்பக் குழுவில்தான் வந்து விழும். ஆண்ட்ராய்டில் கூகுள் போட்டோஸ் தானாக பேக்கப் செய்வது கேமரா ஃபோல்டரை மட்டும். வாட்ஸப் ஃபோல்டரை நீங்களே அமைப்புக்குள் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைச் செய்யாமலே "எல்லாம் ஏறுகிறது" என்று நம்பி, போன் மாற்றிய அன்று தெரிந்துகொண்டவர்கள் என் நண்பர்களிலேயே மூன்று பேர்.

வாட்ஸப் வழியாக வரும் படம் சுருக்கப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். 2023-ல் எச்டி தேர்வு வந்திருக்கிறது, ஆனால் அனுப்புபவர் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அசல் தேவையென்றால் எடுத்தவரிடம் "டாக்குமென்டா அனுப்புங்க" என்று கேட்டு வாங்குவது நல்லது.

வைஃபையில் மட்டும் ஏற்று என்று அமைத்துவிட்டு வீட்டில் வைஃபையே இல்லாமல் இருப்பது, பேட்டரி சேமிப்பு முறை பின்னணியில் செயலியை நிறுத்திவிடுவது, ஸ்டோரேஜ் நிரம்பி பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோவது, இவையும் அடிக்கடி நடக்கும். மாதம் ஒருமுறை செயலியைத் திறந்து "பேக்கப் முடிந்தது" என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தரத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூகுள் போட்டோஸில் "அசல் தரம்" என்று ஒன்றும் "ஸ்டோரேஜ் சேவர்" என்று ஒன்றும் உண்டு. இரண்டாவதில் படம் சுருக்கப்படும். 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டது 16-க்கு இறக்கப்படும். வீடியோவின் தெளிவு 1080பி-க்கு மேல் போகாது. போனில் பார்க்க வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரு முறை சுருங்கியது மறுபடி விரியாது. போனிலிருந்த அசலை அழித்துவிட்டால் சுருக்கியதுதான் இனி உங்கள் அசல்.

என்றைக்கும் இலவசமா?

இந்தக் கதையை விரிவாகச் சொல்ல வேண்டும். நம் எதிர்பார்ப்புகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் வந்தன.

கூகுள் போட்டோஸ் 2015 மே மாதம் வந்தது. அதன் பெரிய அறிவிப்பு, சுருக்கப்பட்ட தரத்தில் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசம் என்பதுதான். 8 ஜிபி, 16 ஜிபி போன்கள் கையில் இருந்த காலம். இடம் இல்லை என்ற செய்தியோடு மல்லாடிக்கொண்டிருந்த நமக்கு அது கிணறு வெட்டக் கடலே வந்த மாதிரி. யோசிக்காமல் எடுத்தோம். ஒரே காட்சிக்குப் பத்து படம், அழிக்க வேண்டிய தேவையே இல்லை.

2020 நவம்பரில் கூகுள் இதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அப்போது அவர்களே சொன்ன கணக்கு: சேமிப்பில் 4 லட்சம் கோடிக்கு மேற்பட்ட படங்கள், வாரந்தோறும் புதிதாக 2,800 கோடி படங்களும் வீடியோக்களும். 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் ஒவ்வொன்றும் 15 ஜிபி இலவச வரம்பில் கழியத் தொடங்கியது. அந்த 15 ஜிபி போட்டோவுக்கு மட்டுமானது அல்ல. ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான். ஆண்ட்ராய்டில் வாட்ஸப் பேக்கப்பும் 2024 முதல் அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆகவே போட்டோவே எடுக்காதவர்களுக்கும் "ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது" என்று வருகிறது. மெயில் வருவதே நின்றுபோகும் அளவுக்கு அது போகும்.

கூகுள் பக்கம் ஒரு நியாயமும் உண்டு. 2021 ஜூனுக்கு முன்னால் சுருக்கிய தரத்தில் ஏற்றிய படங்களை இன்றுவரை கணக்கில் சேர்க்கவில்லை. ஏழு மாதம் முன்கூட்டியே சொன்னார்கள். ஆனாலும் பலருக்கு ஏமாற்றமாக இருந்தது, எனக்கும்தான். ஆறு வருடத்தில் லட்சம் படங்களை ஓர் இடத்தில் கொட்டிவிட்ட பிறகு வேறு இடத்துக்கு மாறுவது வீடு மாற்றுவதைவிடக் கடினம். இலவசம் என்று குடிபுகுந்த வீட்டுக்கு, சாமான் எல்லாம் நிறைந்த பிறகு வாடகை கேட்டால் யாராக இருந்தாலும் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

ஃப்ளிக்கர் என்ற போட்டோ தளத்தின் கதை இன்னும் கடுமையானது. 2013-ல் யாகூவின் கையில் இருந்தபோது எல்லோருக்கும் 1 டிபி (சுமார் ஆயிரம் ஜிபி) இலவசம் என்றது. 2018-ல் ஸ்மக்மக் நிறுவனம் அதை வாங்கியது. அந்த வருட நவம்பரில் இலவசக் கணக்குக்கு ஆயிரம் படம்தான் என்று அறிவித்து, 2019-ல் கூடுதலாக இருந்தவற்றை அழிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. கோடாக் கேலரி 2012-ல் மூடப்பட்டது. எவர்பிக்ஸ் 2013-ல் முடிந்தது. டிராப்பாக்ஸின் கரோசல் 2016-ல், கேனானின் ஐரிஸ்டா 2020-ல். பெயர் கேள்விப்படாதவர்களுக்குச் சொல்கிறேன், இவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் "உங்கள் நினைவுகள் இங்கே பத்திரம்" என்ற உணர்வைத் தந்த இடங்கள்.

இவற்றிலிருந்து என்ன எதிர்பார்க்கலாம், என்ன கூடாது என்பது தெரிகிறது. ஒரு பொறுப்பான நிறுவனம் மூடும்போது முன்கூட்டியே அறிவிக்கும், படங்களை இறக்கிக்கொள்ள அவகாசம் கொடுக்கும். அதை எதிர்பார்ப்பது நியாயம், அது நம் உரிமை என்றே நினைக்கிறேன். இருபது வருடம் கழித்தும் இதே விலையில், இதே விதியில் இருக்கும் என்பதை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. கூகுளின் இன்றைய விதிப்படி இரண்டு வருடம் கணக்கைத் தொடவே இல்லையென்றால் அதையே நீக்க முடியும். வரம்பைத் தாண்டி இரண்டு வருடம் அப்படியே விட்டாலும் படங்கள் அழிக்கப்படலாம். இறந்துபோன அப்பாவின் கணக்கை அப்படியே வைத்திருப்பவர்கள் இந்த வரியை மட்டுமாவது இன்னொரு முறை படியுங்கள்.

நான் மட்டும்தான் பார்ப்பேனா?

தேடுகட்டத்தில் "கடற்கரை" என்று தட்டினால் கடற்கரைப் படங்கள் வருகின்றன. குழந்தையின் முகத்தைத் தொட்டால் பிறந்ததிலிருந்து இன்றுவரை வரிசையாக வருகிறது. அந்த வசதி எப்படி வருகிறது? கூகுள் போட்டோஸ் போன்றவற்றில், உங்கள் படத்தை நிறுவனத்தின் கணினியால் படிக்க முடிவதால்தான். படம் உங்களுக்குத்தான் சொந்தம், விதிமுறைகளும் அதை ஒப்புக்கொள்கின்றன. ஆனால் பூட்டின் இன்னொரு சாவி அவர்களிடம் இருக்கிறது.

2021-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, உடல்நலமில்லாத தன் சிறு மகனை மருத்துவரிடம் காட்டுவதற்காகப் போனில் படம் எடுத்தார். அது தானாக கூகுள் கணக்குக்கு ஏறியது. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையைக் கண்டுபிடிக்கும் தானியங்கிப் பரிசோதனை அதைத் தவறாக அடையாளம் காட்டியது. கணக்கு முடக்கப்பட்டது. போலீஸ் விசாரித்து அவர் மேல் குற்றமில்லை என்று சொன்ன பிறகும் கூகுள் கணக்கைத் திருப்பித் தரவில்லை. 2022-ல் நியூயார்க் டைம்ஸ் இதை எழுதியது. அந்தப் பரிசோதனை தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன், அது காப்பாற்றும் குழந்தைகள் உண்டு. எனக்கு உறைத்தது வேறு. மெயில், தொடர்பு எண்கள், குழந்தையின் முதல் வருடப் படங்கள் எல்லாம் ஒரே கணக்கில். ஒரே கதவு அடைபட்டதும் அத்தனையும் போயிற்று.

நிறுவனத்தாலேயே பார்க்க முடியாதபடி பூட்டும் வழி இருக்கிறது. முனைக்கு முனை மறையாக்கம் என்பார்கள். சாவி உங்கள் சாதனத்தில் மட்டும் இருக்கும். ஆப்பிள் 2022 டிசம்பரில் ஐகிளவுட் படங்களுக்கும் இதைத் தேர்வாகக் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் பிரிட்டனில் மட்டும் புதிதாக யாரும் இதைத் தேர்ந்தெடுக்க முடியாதபடி நிறுத்தியது. என்டே போன்ற சேவைகள் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் இயங்குகின்றன. ஆனால் இதற்கு விலை உண்டு. கடவுச்சொல்லையும் மீட்புச் சாவியையும் தொலைத்துவிட்டால் உலகில் யாராலும் திறந்து தர முடியாது. ஓடிபி வந்தால் போதும் என்று பழகிய வீட்டுப் பெரியவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

ஓடிபி என்றதும் நினைவுக்கு வருகிறது: கணக்கோடு இணைத்த போன் எண் இப்போதும் உங்களிடம்தான் இருக்கிறதா? ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய சிம் எண் வேறொருவருக்குப் போயிருக்கலாம். இன்றே பார்த்து மாற்றிவிடுங்கள்.

சரி, என்ன செய்வது?

கிளவுடை விட்டுவிடச் சொல்லவில்லை. நானும் வைத்திருக்கிறேன், மாதாமாதம் பணமும் கட்டுகிறேன். அதோடு அவர்கள் கைக்கு எட்டாத இன்னொரு நகல் வேண்டும், அவ்வளவுதான். புகைப்படக்காரர்களிடம் 3-2-1 என்று ஒரு வழக்கம் உண்டு. மூன்று நகல், இரண்டு வகையான சேமிப்பு, அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. போன் ஒன்று (முழுப் படமும் அங்கே இருந்தால்), கிளவுட் இரண்டு, வீட்டு ஹார்ட் டிஸ்க் மூன்று என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும்.

கூகுளில் இருப்பதை இறக்க டேக்அவுட் என்ற வசதி உண்டு. கேட்டால் சில மணி நேரத்திலோ சில நாளிலோ பெரிய ஜிப் கோப்புகளாகத் தரும். ஒரு எச்சரிக்கை: தேதி, இடம் போன்ற விவரங்களில் சில தனிச் சிறு கோப்புகளாக ஒட்டிக்கொண்டு வரும். குப்பை என்று நினைத்து அவற்றை அழித்துவிடாதீர்கள், பின்னால் படங்களைத் தேதிவாரியாக அடுக்க அவைதான் உதவும். ஆப்பிளில் தனியுரிமைப் பக்கத்திலிருந்து நகல் கேட்கலாம். அங்கிருந்து நேராக கூகுள் போட்டோஸுக்குப் படங்களை அனுப்பும் வழியும் 2021 முதல் இருக்கிறது. இரண்டு நிறுவனங்களிலுமே, நமக்குப் பிறகு கணக்கை யார் திறக்கலாம் என்று முன்கூட்டியே பெயர் கொடுக்க முடியும். கூகுளில் இது 2013-லிருந்தும் ஆப்பிளில் 2021 முடிவிலிருந்தும் உண்டு. ஆப்பிளில் நீங்கள் குறிப்பிட்டவருக்கு ஒரு சாவி எண் கிடைக்கும், அதை அச்செடுத்துப் பத்திரங்களோடு வைத்துவிடச் சொல்லுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கும் சாகும். வருடத்துக்கு ஒரு முறையாவது செருகி, நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள்.

சித்தியின் படங்களில் கொஞ்சம் திரும்பி வந்தன. குடும்பக் குழுவில் அவரே அனுப்பியவை, அத்தை போனில் இருந்தவை, பாப்பாவின் அப்பா வேலை செய்யும் கோயம்புத்தூரில் ஒரு பழைய போனில் கிடந்தவை என்று தேடித் தேடி 212 படங்கள் சேர்த்தோம். எல்லாம் வாட்ஸப்பில் சுருங்கியவை. அவற்றில் நாற்பதைப் பொறுக்கி மேலமாசி வீதி ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுவிட்டு, அங்கிருந்து நேராகப் போய் 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றும் வாங்கி வந்தார். அட்டைப் பெட்டியின் மேல் தன் ஆசிரியைக் கையெழுத்தில் பாப்பாவின் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் அதே தட்டில் வைத்திருக்கிறார்.